அப்பா தைத்த சாரல் கோட்டு

அந்தக் கோட்டை நனைந்த கோலத்தில் தராசில் தூக்கி வைத்தவன் நான்தான். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசு. அப்பா தைத்து முடித்த அன்று ஒன்றரைக் கிலோ இருந்தது. ஒரு ராத்திரி குற்றாலத்துச் சாரலில் நின்றுவிட்டு வந்ததும் ஐந்து கிலோவைத் தொட்டது. கொண்டுவந்தவர் குற்றாலத்தில் ஒரு விடுதியின் ராக்காவல்காரர்.

"அண்ணாச்சி, கோட்டு நல்லாத்தான் இருக்கு. நனைஞ்சா மட்டும் இன்னொரு ஆளத் தோள்ல சொமக்க மாரி இருக்கு" என்றார்.

அப்பா பதில் பேசவில்லை. கோட்டின் கீழ் ஓரத்தைப் பிடித்து முறுக்கினார். கடை வாசல்படி வழியாகத் தண்ணீர் தெருவுக்கு ஓடியது. 1976 ஆடி மாதம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது.

தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அப்பாவுக்குத் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடை, தீபாவளிச் சட்டை, கல்யாண ரவிக்கை எல்லாம் தைப்பார். சாரல் காலத்தில் வேலை குறைந்துவிடும். அப்போது அவருக்கு ஏதாவது ஒரு கிறுக்கு பிடிக்கும். காவல்காரர் வந்து, "ராத்திரி பூரா நிக்கணும், கரி அடுப்பு வச்சிக்கிடக் கூடாதுங்காக, என்னமாது தச்சுத் தாங்க" என்று கேட்டதும் அந்த வருஷக் கிறுக்குக்கு வழி பிறந்தது. பழைய மெத்தையைப் பிரித்து, பருத்திப் பஞ்சை எடுத்து, இரட்டைத் துணிக்கு நடுவே பரப்பி, கட்டம் கட்டமாகத் தையல் போட்டார். கையை உயர்த்தினால் அக்குளில் பிடிக்காத மாதிரி ரேக்லான் கை வைத்தார். காயலாங்கடைக்காரர்கூட எடுக்கத் தயங்கும் பஞ்சு. ஆனால் வெட்டும் தையலும் அவ்வளவு நேர்த்தி.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். குற்றாலக் குளிர் என்பது வெப்பமானியில் தெரிகிற குளிர் இல்லை. ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, மலைக்கு இந்தப்புறம் மிச்சம் மீதி ஈரத்தைப் பொடித் தூறலாகத் தெளித்துவிட்டுப் போகும். அப்போதும் இருபது டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஊட்டிக்காரரிடம் இதைக் குளிர் என்றால் சிரிப்பார். ஆனால் அதே ஊட்டிக்காரரை ஐந்தருவியில் கால் மணி நேரம் நிற்க வைத்து, ஈர வேட்டியோடு பேருந்து நிலையம் வரை நடக்க விட்டுப் பாருங்கள். பல் தந்தியடிக்கும்.

இது ஏன் என்று எனக்குப் புரிந்தது இயற்பியல் வாத்தியாராக ஆன பிறகுதான். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கிற வளர்ந்த மனிதன் ஏறக்குறைய நூறு வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறான். பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற கணக்கு. ஒரு நாளைக்குக் கூட்டினால் கிட்டத்தட்ட இரண்டரை யூனிட். இட்லியும் சோறும் போட்டு எரிக்கிற இந்த அடுப்பு நம் எல்லோரிடமும் இருக்கிறது. கம்பளிக்கோ ஸ்வெட்டருக்கோ சொந்தமாகச் சூடு கிடையாது. பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றினால் மெதுவாகத்தான் உருகும். துணி செய்கிற வேலை, நம் தோலை ஒட்டிய காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பது. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அதே இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் காற்றைப்போல இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும்.

அதோடு முடிவதில்லை. தண்ணீர் ஆவியாகும்போது ஒவ்வொரு கிராமும் இரண்டாயிரத்து நானூறு ஜூல் அளவுக்கு வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஈரச் சட்டையிலும் வேட்டியிலும் அரை லிட்டர் தண்ணீர் இருப்பதாக வையுங்கள். அது முழுக்க உடம்பிலேயே காய வேண்டுமென்றால், நம்முடைய நூறு வாட் அடுப்பு மூன்று மணி நேரத்துக்கும் மேல் அதற்காகவே எரிய வேண்டும். சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் சூடு கொடுக்கும் என்பதால் அத்தனையும் நம் தலையில் விழாது. ஆனாலும் பெரும் செலவுதான். காவல்காரரின் கோட்டில் இருந்தது மூன்றரை லிட்டர். அவரைச் சூடாக்குவதற்குத் தைத்த கோட்டை அவர் ராத்திரி முழுக்கச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிற்பாடு ஒரு சாரல் நாளில் இதைப் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டினேன். மூன்று சொம்புகளில் ஒரே அளவு வெந்நீர். ஒன்று சும்மா, ஒன்றில் காய்ந்த துண்டு, ஒன்றில் ஈரத்துண்டு. காற்று வீசும் வராந்தாவில் வைத்து அரைமணி கழித்துப் பார்த்தால், ஈரத்துண்டு சுற்றிய சொம்பு, ஒன்றுமே சுற்றாத சொம்பையும் முந்திக்கொண்டு ஆறிப்போயிருந்தது. "சார், அப்ப ஈரத்துண்டு கட்டுறதுக்கு அம்மணமா நிக்கலாமே" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்து அடங்க நேரமானது. அவன் சொன்னதில் தப்பில்லை. காற்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். அண்டார்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1940-களின் தொடக்கத்தில் காற்றில் தண்ணீர்க் குப்பியைத் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துதான் காற்றுக் குளிர்ச்சிக் கணக்கையே உண்டாக்கினார்கள். எங்களுக்கு அண்டார்டிகா வேண்டாம். தென்காசிக் கோபுர வாசல் போதும். உள்ளே நுழைகிறவரைக் காற்று எதிரே நின்று தள்ளும். இன்னும் நாலு எட்டு வைத்தால் முதுகில் கைவைத்துக் கோயிலுக்குள் கொண்டுபோய் விடும். குடை கொண்டுபோனவர் பாடு திண்டாட்டம்.

அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தராசு காட்டிய ஐந்து கிலோ தெரியும். அடுத்த வருஷம் பருத்தியை விட்டுவிட்டு இலவம்பஞ்சுக்குப் போனார். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாக இருக்கும், மேலே மெழுகு பூசியதுபோலத் தண்ணீரை ஒட்டவிடாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் அதைத் திணித்தார்கள். 1977-ல் வந்த இரண்டாவது கோட்டு நனைந்தும் அவ்வளவு கனக்கவில்லை. ஆனால் இலவம்பஞ்சுக்கு ஒரு துர்க்குணம். வழுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு மாதத்தில் அத்தனையும் இடுப்புக்கு இறங்கிவிட்டது. மேலே வெறும் துணி, கீழே தலையணை. காவல்காரர் அதைக் கழற்றி, உட்காருவதற்குப் போட்டுக்கொண்டார். இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறந்துதான் போனது.

அதே 1977, பிப்ரவரி 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கோட்டுக்குப் பதிலாக ஒரு கம்பளி கார்டிகன் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் உட்கார்ந்தார். எரிபொருள் தட்டுப்பாடு. வீட்டுச் சூட்டைப் பகலில் 65 பாரன்ஹீட்டுக்கும் ராத்திரியில் 55-க்கும் இறக்கி வையுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். நம் கணக்கில் 18 டிகிரியும் 13 டிகிரியும். 2005-ல் ஜப்பான் அரசு இதையே 'வார்ம் பிஸ்' என்று பெயரிட்டுச் செய்தது. குளிர்காலத்தில் அலுவலக ஹீட்டரை 20 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், உள்ளே ஒரு பனியன் கூடுதலாகப் போடுங்கள் என்றது. கனமான ஸ்வெட்டர் ஒன்று போட்டால் அறையின் சூட்டை இரண்டு டிகிரி குறைத்தாலும் ஆளுக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிற நாற்காலியையும் பீரோவையும் சுவரையும் சூடாக்குவதற்குப் பதிலாக ஆளை மட்டும் சூடாக்கு என்பதுதான் விஷயம்.

இதற்காக மனுஷர்கள் செய்து பார்த்த கோமாளித்தனங்களைப் படிக்கப் படிக்க எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வரும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் செஸ்டர் கிரீன்வுட் என்று ஒரு பதினைந்து வயதுப் பையன். பனிக்கட்டிமேல் சறுக்கப் போனால் காது மரத்துப்போகிறது. 1873-ல் கம்பியை இரண்டு வளையமாக வளைத்துக்கொண்டு பாட்டியிடம் போய், இதில் விலங்குத்தோலைத் தைத்துக் கொடு என்றான். 1877-ல் அந்தக் காதுமூடிக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டான். அவன் ஊரான ஃபார்மிங்டனில் இன்றும் டிசம்பர் மாதம் அவன் பெயரில் விழா எடுத்து, ஊர்வலத்தில் வண்டிக்கெல்லாம் காதுமூடி மாட்டுகிறார்களாம். நம் ஊரில் மார்கழிக் காலையில் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு பால் வாங்கப் போகிற பெரியவர்களுக்கு யார் விழா எடுத்தார்கள்?

மலைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் குரங்குக் குல்லாவின் இங்கிலீஷ் பெயர் பாலக்ளாவா. கிரீமியப் போர் நடந்த துறைமுக ஊரின் பெயர் அது. 1854 குளிரில் சரியான உடுப்பில்லாமல் நடுங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகப் பின்னி அனுப்பிய குல்லாக்களால் வந்த பெயர். அதே போரில் குதிரைப்படையின் ஒரு பிரிவை நடத்தியவர் கார்டிகன் பிரபு. சேனைக்குத் தலைவர் ராக்லன் பிரபு, வாட்டர்லூவில் ஒரு கையை இழந்தவர். அப்பா காவல்காரருக்கு வைத்த ரேக்லான் கை அந்த மனிதரின் பெயரைக் கொண்டது. ஒரு யுத்தம் மூன்று உடுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்பது தையல் கடைகளில் யாருக்கும் தெரியாது.

எட்டி பாயர் என்ற அமெரிக்கர் மீன்பிடிக்கப் போன இடத்தில் கம்பளி நனைந்து விறைத்துச் சாகப் பார்த்தார். திரும்பி வந்து, பறவைகளின் மென்தூவியைக் கட்டம் கட்டமாகத் தைத்த உறைகளில் நிரப்பி, 1936-ல் ஜாக்கெட் செய்தார். இதைப் படித்தபோது எனக்குப் பேகன் ஞாபகம் வந்தது. மலையில் அகவிய மயிலைப் பார்த்து, குளிரில் நடுங்குகிறது என்று போர்வை கொடுத்த வள்ளல். ஈகையில் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த மலையிலேயே ஆகச் சிறந்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தது அந்த மயில்தான். பேகனுக்குத்தான் குளிர்ந்திருக்கும்.

1998-ல் ஒரு அமெரிக்க மாணவன், போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்காமல் டிவி ரிமோட்டை அமுக்க வேண்டும் என்பதற்காகப் போர்வைக்குக் கை வைத்துக்கொண்டான். பத்து வருஷம் கழித்து இன்னொரு கம்பெனி அதே யோசனையை 'ஸ்நகி' என்று விற்று, இரண்டு கோடிக்கும் மேல் தள்ளிவிட்டது. முன்னும் பின்னும் மாற்றிப் போட்ட நீள அங்கி, அவ்வளவுதான். கோட்டை 'மெய்ப்பை' என்று சொன்ன முல்லைப்பாட்டுக்காரர் இதைக் கண்டால் என்ன பெயர் வைத்திருப்பாரோ.

நெருப்பையே உடுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. காஷ்மீரில் பிரம்புக்கூடைக்குள் மண்சட்டி வைத்து, அதில் கங்கு போட்டு, ஃபெரன் என்ற தொளதொள அங்கிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அது காங்கிரி. சிக்கனத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் சூடுபட்டுத் தோலில் புற்று வருவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டாக்டர்கள் எழுதிவைத்தார்கள். இப்போது கங்குக்குப் பதில் பவர்பேங்க். பத்து வாட் கம்பிச்சுருள் வைத்த ஜாக்கெட்டுகள் வந்துவிட்டன. அறை ஹீட்டர் ஆயிரத்து ஐநூறு வாட் தின்கிற இடத்தில் பத்து வாட். சாதாரணப் பத்தாயிரம் மில்லி ஆம்பியர் பவர்பேங்க் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

இவற்றிலெல்லாம் என் மனசுக்குப் பிடித்தது ஒரு குழந்தைப் பை. குறைமாதத்தில் பிறந்த சிசுவால் தன் உடம்புச் சூட்டைக் காக்க முடியாது. இன்குபேட்டருக்கு விடாமல் கரண்ட் வேண்டும். 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வகுப்பொன்றில் தொடங்கி, பிறகு பெங்களூருக்கு வந்து வேலை செய்த ஒரு குழு 'எம்ப்ரேஸ்' என்று சிறு தூக்கப்பை ஒன்றைச் செய்தது. அதற்குள் மெழுகு போன்ற பொருள் வைத்த பட்டை. அதைச் சூடாக்கி வைத்துவிட்டால், அந்த மெழுகு மெல்ல உறைந்துகொண்டே மணிக்கணக்கில் 37 டிகிரியிலேயே நிற்கும். உருகும்போது வாங்கி வைத்த வெப்பத்தை உறையும்போது திருப்பிக் கொடுக்கிறது. பாடப்புத்தகத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட இரண்டு வார்த்தை. ஈரத்துணியில் நம்மிடமிருந்து திருடுவதும் அதன் அண்ணன் தம்பிதான்.

சரி, நம் பக்கத்தில் என்ன செய்தார்கள்? தமிழ்நாட்டில் குளிருக்கென்றே உடுப்பு கண்டவர்கள் நீலகிரித் தோடர்கள். வெள்ளைப் பருத்தியில் கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த அவர்களின் புத்குளி பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பக்கத்து ஆட்டுக்கிடைக்காரர்களுக்குக் கறுப்புக் கம்பளி. ஆட்டுமயிர் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் தோலுக்கு நசநசப்புத் தெரியாது. அதன் வாடையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

வயலுக்குப் போகிறவர்களுக்குக் கொங்காணி. சணல் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் திணித்தால் கூம்புத் தொப்பி ஆகிவிடும், மிச்சச் சாக்கு முதுகில் தொங்கும். ஊசி நூல் கிடையாது. ஒரு காசு செலவு கிடையாது. நடவு நடுகிறவருக்கு இரண்டு கையும் வேண்டும், குடை பிடிக்க முடியாது. குனிந்தே நிற்பதால் மழை விழுவது முதுகில். கொங்காணி சரியாக அந்த இடத்தைத்தான் மூடுகிறது. முன்பக்கம் திறந்து கிடப்பதால் வேலை செய்கிற சூடு வெளியே போய்விடும், வேர்த்து உள்ளே நனையாது. பின்னால் உரச்சாக்கு வந்தது. தண்ணீர் இறங்காது, காற்றையும் நிறுத்தும். செஸ்டர் கிரீன்வுட்டின் பாட்டி பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

அப்பாவும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தார். காவல்காரருக்கு மூன்றாவது தடவையாகத் தைத்தது உரச்சாக்கில் கொங்காணி, உள்பக்கம் பழைய கம்பளித்துண்டு. அழகு பார்க்கிற சாமான் இல்லை. அது நாலைந்து சாரலுக்கு உழைத்தது.

இப்போதெல்லாம் சாரல் வந்தால் தென்காசி வீடுகளில் கீசர் போடுகிறோம். ஒரு வாளித் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவரக் கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் மேலே. இதில் ஒரு வேடிக்கை. எங்களை நடுங்க வைக்கும் அதே கணவாய்க் காற்றுதான் சுரண்டை, கயத்தாறு பக்கம் போய்க் காற்றாலைகளைச் சுற்றுகிறது. மலையிலிருந்து இறங்கி எங்களைக் குளிர்வித்துவிட்டு, கிழக்கே போய்க் கரண்ட் ஆகி, கம்பி வழியே திரும்பி வந்து வெந்நீர் போட்டுக் கொடுக்கிறது. அதைவிட வேடிக்கை, நானூறு மைல் தாண்டி அருவித் தண்ணீரில் குளிப்பதற்கென்றே வந்த குடும்பம் விடுதியில் கேட்கிற முதல் கேள்வி, "ஹாட் வாட்டர் எத்தனை மணிக்கு வரும்?"

எண்ணெயையும் சொல்ல வேண்டும். குற்றாலத்தில் மேலெல்லாம் எண்ணெய் அப்பிக்கொண்டு அருவிக்குள் போகிறவர்கள், எண்ணெய் குளிரைத் தாங்கும் என்பார்கள். அந்த மெல்லிய படலம் கம்பளி ஆகாது. தேய்க்கிறவர் போட்ட அடியில் ரத்தம் ஓடித் தோல் சிவந்திருக்கும், அந்தச் சூட்டைத்தான் எண்ணெய்க்கு வரவு வைக்கிறார்கள். குளித்துவிட்டுப் பரோட்டா தின்பதில் இதைவிட நியாயம் இருக்கிறது. அடுப்புக்கு விறகு வேண்டுமே.

பேரருவியில் நனைந்து வந்தவர்களிடம் அப்பா சொன்னது ஒரே வைத்தியம். "ஏல, மொதல்ல ஈரத்தக் கழத்து. பெறவு எதையும் போத்திக்கிடலாம்." ஆண்பிள்ளைக்கு இது லேசு, துண்டைக் கட்டிக்கொண்டு மாற்றிவிடுவான். பெண்டுகள்? ஐந்தரை மீட்டர் சேலையும் பாவாடையும் லிட்டர் கணக்கில் தண்ணீர் பிடிக்கும். உடை மாற்றுகிற இடத்தில் கூட்டம். ஈரத்தோடேயே பேருந்து ஏறித் தென்காசி வந்து இறங்குவார்கள். அப்படி ஒரு தடவை வந்து இறங்கிய அத்தை, கடைவாசலில் நின்று, "அண்ணே, ஊரு காவக்காரனுக்கெல்லாம் கோட்டு தைக்கியே, எங்களுக்கு ஒண்ணும் கெடையாதா?" என்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அடுத்த வாரம் அப்பா நாலு பெரிய ஈரிழைத் துண்டுகளை வாங்கிக் குழாய்போல மூட்டினார். மேல்விளிம்பில் பாவாடை மாதிரி நாடா. தலைவழியாக மாட்டி, நாடாவைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டால் கணுக்கால் வரைக்கும் தொங்கும். கைகள் இரண்டும் உள்ளே. கூட்டத்துக்கு நடுவே நின்றபடி ஈரச்சேலையை உள்ளேயே அவிழ்த்துக் கீழே விட்டு, துண்டின் உள்பக்கத்தாலேயே துவட்டிக்கொண்டு, காய்ந்ததைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். குறுக்குக்கட்டைக் கழுத்துக்கு ஏற்றிவிட்ட மாதிரிதான். அத்தை அதற்குக் கூடாரம் என்று பேர் வைத்தாள். அந்த சீசனில் எங்கள் தெருவில் இருந்து மட்டும் பதினோரு கூடாரத்துக்கு ஆர்டர் வந்தது. அப்பாவின் கிறுக்குகளில் காசு பார்த்தது அது ஒன்றுதான்.

பிரிட்டனில் கடலாடுகிறவர்களுக்காக 2010 வாக்கில் 'டிரைரோப்' என்று ஒன்று வந்தது. உள்ளே ஈரம் உறிஞ்சும் துணி, வெளியே காற்றும் மழையும் புகாத துணி, தொளதொளவென்று உடம்பு, கையை உள்ளே இழுத்துக்கொண்டு உடை மாற்றிக்கொள்ளலாம். ரூபாயில் சொன்னால் பத்தாயிரத்தைத் தாண்டும் விலை. படத்தைப் பேத்தி செல்போனில் காட்டியபோது, அத்தையின் கூடாரத்துக்குக் கையும் குல்லாவும் வைத்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக் கூடாரத்துக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். துண்டு நைந்து ஜன்னல் விழுந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறேன், நாடா நாலாவது. போன ஆடியில் எதிர்வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பழைய குற்றாலத்துக்குப் போகிறோம் என்று இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை. அடுத்த சாரலுக்குள் கேட்டு வாங்க வேண்டும்.